கரடிக்கும் வெளியூர்ச் சம்பந்தம் வேண்டும்

யோங் பெங்கைத் தெரியாத நெடுந்தூரப் பயணி நம் நாட்டில் குறைவு. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பேருந்துகள் நின்று, பயணிகள் இறங்கித் தேநீர் குடித்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்ட ஊர் அது. லாபிஸ், சாஆ பக்கமிருந்து இறங்கி வரும் பழைய கூட்டரசு சாலை, பத்து பகாட்டிலிருந்து வரும் சாலை, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் அங்கே கூடுகின்றன. நெடுஞ்சாலையில் யோங் பெங்கிற்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு டோல் சாவடிகள்.

மனிதனுக்குச் சாலை என்றால் சந்திப்பு. அதே தார்ச்சாலை காட்டு விலங்குக்குப் பிரிவு. ஒரே காட்டில் பிறந்தவை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நின்றுவிடுகின்றன. இந்த வாரம் அந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவோம். அதிலும் நம் காட்டில் இருந்தும் நாம் அதிகம் பேசாத ஒரு விலங்கை முன்னிறுத்திப் பேசுவோம். அது கரடி.

கண்ணில் படுவதும் படாததும்

2025ஆம் ஆண்டு மே 11, அன்னையர் தினம். கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் விடியற்காலை இருட்டில் ஒரு யானைக்குட்டி கோழி ஏற்றி வந்த லோரியில் அடிபட்டு, அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை லோரியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு அங்கேயே நின்ற காணொளியைப் பார்த்துக் கலங்காதவர்கள் இருக்க முடியாது. நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. சில வாரங்களில் அடங்கியும் போனது.

சாலையில் அடிபடும் யானையும் தாப்பிரும் நம் கண்ணில் படுகின்றன. கண்ணில் படாத இழப்பு ஒன்று உண்டு. சாலையோரம் வரை வந்து, விளக்கொளியையும் இரைச்சலையும் கண்டு திரும்பிப்போகும் விலங்கைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அங்கே ரத்தம் இல்லை, படம் இல்லை. ஆனால் ஓர் இனத்தின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை, அடிபட்ட விலங்கு எவ்வளவு பெரிய இழப்போ, கடக்காமல் திரும்பிய விலங்கும் அவ்வளவு பெரிய இழப்பு.

இதை நம் நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தைச் சேர்ந்த யானை ஆய்வுக் குழுவினர், கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை ஓரத்துக் காட்டு யானைகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாலை இல்லாவிட்டால் யானைகள் எவ்வளவு தாராளமாக அந்த இடத்தைக் கடந்திருக்குமோ அதில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைச் சாலை தடுத்துவிட்டது. கடந்தவையும் பெரும்பாலும் இரவில்தான் கடந்தன. இன்னொரு சிக்கலும் தெரிந்தது. சாலையோரம் மரம் வெட்டிய இடத்தில் தழைக்கும் புல்லும் இளந்தளிரும் யானையை அங்கேயே இழுத்து வைத்திருக்கின்றன. சாலை தடுக்கவும் செய்கிறது, அழைக்கவும் செய்கிறது.

மூன்று நான்கு டன் எடையுள்ள யானைக்கே இந்த நிலை என்றால், 25 முதல் 65 கிலோ வரை எடையுள்ள, ஆளைக் கண்டாலே ஒதுங்கும் கரடிக்கு எப்படி இருக்கும்?

நம் காட்டுத் தேன்கரடி

உலகில் உள்ள எட்டுக் கரடி இனங்களில் மிகச் சிறியது நம்முடையது. ஆங்கிலேயர் சூரியனின் பெயரை வைத்தார்கள், காரணம் அதன் மார்பில் உள்ள பொன்னிறப் பிறை. மலாயில் அதன் பெயர் ‘பெருவாங் மாடு’. மாடு என்றதும் கொம்பைத் தேட வேண்டாம். தேனைக் குறிக்கும் ‘மது’ என்ற வடசொல்தான் மலாயில் அப்படி ஒலிக்கிறது. தேன்கரடி என்பதே பொருள். 25 செண்டிமீட்டர் வரை நீளும் நாக்கை மரப்பொந்துக்குள் விட்டுத் தேனையும் புழுவையும் வழித்து உண்ணும். அத்திப்பழம், கரையான், எறும்பு எல்லாம் அதற்கு விருந்து. தின்ற பழத்தின் விதையைக் காடெங்கும் விதைக்கும் தோட்டக்காரனும் அதுவே.

சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இந்தக் கரடிகளுக்கு வானொலிப் பட்டை மாட்டி ஆராய்ந்தவர் நம் நாட்டின் வோங் சியூ தே. பின்னர் 2008இல் செப்பிலோக்கில் போர்னியோ தேன்கரடிப் பாதுகாப்பு மையத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் பின்தொடர்ந்த கரடிகள் ஒவ்வொன்றும் சராசரியாக ஏறக்குறைய 15 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலைந்தன. காட்டில் பழம் இல்லாத காலத்தில் கரடிகள் எலும்பும் தோலுமாக மெலிந்து, சில பட்டினியிலேயே இறந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பழம் இல்லாத ஆண்டில் கரடி தூரம் போயாக வேண்டும். போகிற வழியில் சாலையும் வேலியும் குறுக்கிட்டால் வயிறு காயும்.

இந்தக் கரடி பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். கடந்த மூன்று கரடித் தலைமுறைகளில், அதாவது ஏறக்குறைய 30 ஆண்டுகளில், இதன் எண்ணிக்கை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும் என்பது அந்தச் சங்கத்தின் மதிப்பீடு.

அந்த 30 ஆண்டு என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994 செப்டம்பர் 8ஆம் தேதி.

அத்தை மகனும் மாமன் மகளும்

மரபணு என்றதும் பலருக்குப் பள்ளிக்கூட அறிவியல் பாடம் நினைவுக்கு வந்து கொட்டாவி வரும். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சை வைத்தே இதை விளக்கிவிடலாம்.

பத்துக் குடும்பம் மட்டுமே உள்ள ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகச் சாலை இல்லை, வெளியிலிருந்து யாரும் வரவும் முடியாது. முதல் தலைமுறையில் அத்தை மகனுக்கு மாமன் மகள். அடுத்த தலைமுறையில் இரண்டு பக்கமும் நெருங்கிய சொந்தம். நான்காவது தலைமுறையில் யாரைப் பார்த்தாலும் ரத்த உறவு. ஒரு குடும்பத்தில் மறைந்து கிடந்த நோய்க்கூறு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரே பிள்ளைக்குச் சேரும்போது வெளியே வருகிறது. மருத்துவர்கள் நெருங்கிய உறவுத் திருமணம் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். மனிதன் பேருந்து ஏறி வேறு ஊரில் பெண் பார்க்கலாம். கரடிக்குச் சாலையைக் கடந்தால்தான் வேறு ஊர்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் மலைச்சிங்கங்கள் நகரங்களாலும் சாலைகளாலும் சூழப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்கு வந்துவிட்டன. வால் நுனி மடங்கிய குட்டிகள், இதயத்தில் கோளாறு உள்ள குட்டிகள், விதை இறங்காத ஆண்கள் என்று பிறக்கத் தொடங்கின. 1995இல் டெக்சஸ் மாநிலத்திலிருந்து எட்டுப் பெண் மலைச்சிங்கங்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. வெளியூர்ச் சம்பந்தம் வந்ததும் குறைகள் குறைந்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கறுப்புக் கோடுகள் அகன்று பரவிய விசித்திரப் புலிகள் பிறப்பதற்கும், அந்தக் கூட்டம் மற்ற புலிகளிடமிருந்து தனித்துப்போய்விட்டதே காரணம் என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு ஓர் எச்சரிக்கை.

விலங்கியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. உடனடி உறவுக்கலப்பைத் தவிர்க்க இனவிருத்தி செய்யும் விலங்குகள் 50 வேண்டும், நெடுங்காலம் தாக்குப்பிடிக்க 500 வேண்டும் என்று 1980 வாக்கில் சொன்னார்கள். அது போதாது என்று இன்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கணக்கு நம்பிக்கை தருகிறது. பிரிந்துபோன இரண்டு கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்கு ஒன்றிரண்டு விலங்குகள் கடந்துபோய்க் குட்டி போட்டாலே, மரபணு அளவில் அவை முற்றாகப் பிரிந்துவிடாமல் தடுக்கலாம். கூட்டம் கூட்டமாகக் கடக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டுக்கு ஓரிரு கரடிகள் போதும்.

கனடாவில் முடியிலிருந்து கிடைத்த கதை

கரடிக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள உறவை மிக நெருக்கமாகப் பார்த்தவர்கள் கனடாக்காரர்கள். கரடியைப் பிடித்து மயக்க ஊசி போட வேண்டியதில்லை. மணமுள்ள இரையைக் காட்டில் வைத்துச் சுற்றிலும் முள்கம்பி கட்டிவிடுவார்கள். கரடி உள்ளே நுழையும்போது நாலு முடி கம்பியில் மாட்டிக்கொள்ளும். முடியின் வேரில் உள்ள மரபணுவைப் படித்தால் எந்தக் கரடி, ஆணா பெண்ணா, யாருக்கு யார் பிள்ளை என்று குடும்ப மரமே எழுதிவிடலாம்.

தென்மேற்குக் கனடாவில் 3ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் மைக்கேல் புரொக்டர் குழுவினர் இப்படி ஆராய்ந்து 2005இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஆண் கரடிகள் சில சாலையைக் கடக்கின்றன. பெண் கரடிகள் ஏறக்குறையக் கடப்பதே இல்லை. பெண் கரடி இயல்பாகவே தாய் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். அதோடு போக்குவரத்தும் வீடுகளும் சேர்ந்தால் அது சாலை ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆண் மட்டும் கடந்தால் மரபணு கலக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்தில் கரடிகள் அருகிப்போனால் அங்கே போய்க் குட்டி போட்டு மறுபடி குடியேற்றுவது பெண்தான். பெண் வராத பக்கம் மெல்ல மெல்லக் காலியாகும்.

அடுத்தது பான்ஃப் தேசியப் பூங்கா. அதன் நடுவே கனடாவின் குறுக்கு நெடுஞ்சாலை ஓடுகிறது. அங்கே சாலையின் இருபுறமும் உயர்ந்த வேலி போட்டு, விலங்குகளுக்கென்றே 6 மேல்பாலங்களும் 38 கீழ்வழிகளும், ஆக மொத்தம் 44 அமைத்தார்கள். மேல்பாலத்தின் மீது மண் கொட்டி மரம் வளர்த்தார்கள். கரடிகள் முதல் நாளே வரவில்லை. பழகுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பெரிய பழுப்புக் கரடிக்குத் திறந்த மேல்பாலம் பிடித்தது, கறுப்புக் கரடி குறுகிய கீழ்வழியில் நுழைந்தது.

பாலத்தில் கரடி நடந்தது என்று படம் எடுத்துப் போட்டால் மட்டும் போதாது, அது அந்தப் பக்கம் போய்க் குடும்பம் நடத்தியதா என்பதே கேள்வி. 2014இல் வெளியான மூன்றாண்டு ஆய்வு அதற்கும் விடை சொன்னது. பாலங்களைப் பயன்படுத்திய கறுப்புக் கரடிகளில் 47 விழுக்காடும் பழுப்புக் கரடிகளில் 27 விழுக்காடும் குட்டிகளுக்குத் தாய் தந்தையாகியிருந்தன. பழுப்புக் கரடிகளிடையே சாலை ஏற்படுத்திய மரபணுப் பிளவு தென்பட்டது. அந்தப் பிளவைப் பாலங்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்ததும் தென்பட்டது.

ஆடம்பரமா, அவசியமா?

காட்டு விலங்குக்குப் பாலம் கட்டக் கோடிக்கணக்கில் செலவா, அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பான்ஃப் வேலியும் பாலங்களும் விலங்கு மோதும் விபத்துகளை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன. யானைமீது மோதிய காரில் உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தானே? பாலம் இரண்டு உயிருக்கும் காப்பு.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. தீபகற்பத்தின் பெரிய காடுகளைக் கோர்த்து வைக்கும் ‘காட்டு முதுகெலும்பு’ திட்டம் 2010 வாக்கிலேயே வகுக்கப்பட்டது. பகாங்கின் சுங்கை யூவில் தாமான் நெகாராவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்க, கோல லிப்பிஸ்–குவா மூசாங் சாலையை உயரத் தூக்கிக் கீழே விலங்குகளுக்கு வழி விட்டார்கள். திரெங்கானுவில் கென்யிர் பக்கமும் பேராக்கில் கிரிக் பக்கமும் அப்படிப்பட்ட உயர்பாலங்கள் உள்ளன.

எல்லாப் பாலமும் கோடி கேட்பதில்லை. பினாங்கின் தெலுக் பாஹாங்கில் கண்ணாடி போட்டதுபோல் முகமுள்ள லங்கூர் குரங்குகள் சாலையில் அடிபடாமல் இருக்க, 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். தமிழ்நாட்டில் பாலமே கட்டாமல் நேரத்தைப் பங்கு போட்டார்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு.

ஆனால் பாலம் கட்டியதோடு வேலை முடியவில்லை. பாலத்தின் இருபுறமும் காடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் காடும் மறுபக்கம் புதிதாக வெட்டிய தோட்டமும் என்றால், அது எங்கும் போகாத பாலம். அடுத்தது கண்ணி. விலங்குகள் ஒரே வழியில் வந்து கூடும் இடம் வேட்டைக்காரனுக்கும் வசதியான இடம். சுங்கை யூவில் பொதுமக்களே தொண்டர்களாகக் காட்டுக்குள் நடந்து கண்ணிகளைத் தேடும் பழக்கம் ஏற்பட்டது இதனால்தான். சாலை விலங்கைத் தடுப்பதைவிட, வேட்டைக்காரனைக் காட்டின் மடிவரை கொண்டுவந்து இறக்கிவிடுவது பெரிய கேடு. கரடியின் பித்தப்பைக்கும் பாதத்துக்கும் விலை உண்டு, தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைச் செல்லப்பிராணியாக விற்பதும் உண்டு. 2019இல் கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து கரடிக்குட்டி மீட்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மறுபடி ஜொகூருக்கு

யோங் பெங்கிலிருந்து வடகிழக்கே பார்த்தால் லாபிஸ் காடுகள், அதற்கப்பால் எண்டாவ்–ரொம்பின். 1993இல் தேசியப் பூங்காவான ஜொகூர்ப் பகுதி மட்டும் 49,000 ஹெக்டர் அளவு. தேன்கரடியும் யானையும் தாப்பிரும் வாழும் காடு அது. வடமேற்கே 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங், சுற்றிலும் தோட்டங்களுக்கு நடுவே தீவுபோல் நிற்கிறது. கிழக்கே குளுவாங்கின் பெலுமுட், கோத்தா திங்கியின் பந்தி. இவற்றுக்கிடையே சாலைகள், தண்டவாளம், தோட்டம், வீடமைப்பு.

நெடுஞ்சாலை மட்டுமே குற்றவாளி என்று சொல்வது நியாயமில்லை. நெடுஞ்சாலை வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே காடு போய்விட்டது. அந்தக் காட்டை வெட்டிப் பால்மரம் நட்ட கைகள் நம் பாட்டன், பூட்டன் கைகள். வெட்டச் சொன்னவன் வேறு, லாபம் பார்த்தவன் வேறு. ஆனாலும் யோங் பெங், சாஆ, லாபிஸ் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. இன்றும் செம்பனைப் பழத்தைத் தேடி இரவில் கரடி தோட்டத்துக்குள் இறங்கும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணியில் மாட்டுவதும் அப்போதுதான். பழம் கொஞ்சம் போவதற்காகக் கரடியைக் கொல்லத் தேவையில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரையிலும் சிறையை 15 ஆண்டு வரையிலும் உயர்த்தினார்கள்.

இப்போது யோங் பெங்கிற்கும் செனாய்க்கும் இடையே நெடுஞ்சாலையை நான்கு தடத்திலிருந்து ஆறு தடமாக்கும் திட்டம் நடக்கிறது. நெரிசலில் சிக்கியவர்களுக்கு அதன் அவசியம் தெரியும். சாலையே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. கட்டும்போதே ஆற்றுப்பாலத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கரையோரம் இரண்டு மீட்டர் உலர்ந்த தரை விட்டால் அதுவே ஒரு விலங்கு வழி. கட்டி முடித்த பிறகு உடைத்துச் செய்வதைவிட இது எவ்வளவோ மலிவு. பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்த அறிக்கையில் ஒரே ஒரு கேள்வியைத் தேடிப் பாருங்கள்: ‘இரண்டு பக்கத்துக் காட்டுக்கும் நடுவே வழி எங்கே?’ பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

நெடுஞ்சாலை திறந்து 30 ஆண்டு என்பது நமக்கு ஓர் ஆயுளின் பாதி. கரடிக்கு மூன்றே தலைமுறை. மரபணுப் பிளவு ஒரே நாளில் விழுவதில்லை, தலைமுறை தலைமுறையாகத்தான் ஆழப்படும். ஆகவே காலம் கடந்துவிடவில்லை. காண்டாமிருகத்தில் நாம் அந்த வாய்ப்பைத் தவறவிட்டோம். மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான ‘இமான்’ 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. எஞ்சியவற்றுக்குத் துணை தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. சம்பந்தம் பேச ஆள் இல்லாத நிலை அது. தேன்கரடிக்கு இன்னும் மணமகனும் இருக்கிறான், மணமகளும் இருக்கிறாள். நடுவில் நாம் போட்ட சாலைதான் இருக்கிறது. அதில் ஒரு வழி விடுவது நம் கையில்.